கைக்கு எட்டும் ஜோடி

இடது தோள்பட்டை காலையிலிருந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. வெல்டர் அதை வெளியே காட்டாமல், கடலில் மூழ்குபவர்களின் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, சின்ன இரட்டை சிலிண்டரின் வார்களுக்குள் கைகளை நுழைக்கிறாள். வாசல் வெயிலில் சிலிண்டர்களின் இரும்புக் கழுத்துகள் மின்னுகின்றன. மூலையில் கம்ப்ரஸர் தடதடக்கிறது. "பெரிய ஜோடிய எடும்மா. இது கொழந்தைங்க தூக்குறது," என்கிறார் கடைக்காரர். "போன மாசம் பெரிசத்தான் தூக்கிட்டுப் போனேன். தலைக்குப் பின்னால வால்வு ஒழுகுச்சு, கை எட்டல. அவ்வளவு காத்தும் மீனுக்குப் போச்சுண்ணே," என்றபடி எழுகிறாள். அவளோடு நீரில் இறங்கும் கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். "பின்னால கைய விட்டு மூணு வால்வையும் மூடித் தெறங்க அண்ணி. எட்டலன்னா நாளைக்கு அந்த முங்குன கப்பலுக்கு வேற ஆளக் கூட்டிட்டுப் போயிடுவேன்." வலது வால்வு மூடித் திறக்கிறது. நடுவிலிருப்பதும் அப்படியே. இடது வால்வுக்குக் கையைப் பின்னால் மடக்கும்போது தோள் கதறுகிறது. கம்பி பிடித்துக் காய்த்த விரல்கள் தடவித் தடவிக் குமிழைப் பிடித்து, கடைசிச் சுற்றுவரை திருகுகின்றன. "என்ன தம்பி, மணி பாக்க மறந்துட்டியா?" கொழுந்தன் வாய்விட்டுச் சிரிக்கிறான். முதுகில் இருபத்தைந்து கிலோவோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாசல்வரை நடந்து வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பி வருகிறாள் வெல்டர். கடைக்காரர் ஒதுங்கி வழிவிடுகிறார். போன மாதம் நாற்பது மீட்டர் ஆழத்தில், காற்று தீர்ந்தபோது, கொழுந்தன் தன் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி இவள் வாயில் வைத்தான். அந்த மூச்சு மட்டும் அவனுக்கு இன்னும் பாக்கி.