பழைய மயிலைக் காணோம்

"கமலா, இங்க மயில் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு இருக்கணும்ல?"

வேங்கடேசன் கண்ணாடி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டார். அவர் மனைவி கமலவல்லி தூசித் துணியோடு வந்து நின்றாள்.

"ஒரு வீட்டுக்கு எத்தனை மயிலுங்க வேணும்?"

"நேத்து நான் மடிச்ச மயில் இருக்கு. பழைய மயிலைத்தான் காணோம். போன வாரம் யானை மடிச்சேன், பழைய யானை போச்சு. அதுக்கு முந்தி யாளி. பழைய பேப்பர்காரனுக்குப் போடுதியா?"

"ஆமா, மயிலைப் போட்டு மாளிகை கட்டப் போறேன். தள்ளுங்க, தூசி தட்டணும்."

வேங்கடேசனுக்குச் சுருக்கென்றது. ஒரே தாள், கத்தரி கிடையாது, பசை கிடையாது, மடிப்பு மட்டும்தான். ஓரிகாமி என்று அதற்கு ஒரு பேர் இருப்பதே அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் மில்லுக்கு பஸ்ஸில் போய்வந்த காலமெல்லாம் மடியில் ஒரு காக்கித் தாள் இருக்கும். நூல் பெட்டிக்குள் போடுகிற தாள். அதில்தான் யானையும் யாளியும் மயிலும் பிறந்தன. கமலவல்லி ஒருநாளும் அதையெல்லாம் மெச்சியதில்லை. "ஊரையே மடிக்கிற மனுசனுக்குத் தான் போத்துன போர்வையை மடிக்கத் தெரியல" என்பதோடு சரி.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. பிழைத்து எழுந்தார், வலது கை விரல்கள்தான் எழவில்லை. கண்ணிலும் புரை. தொட்ட தாளெல்லாம் கசங்கிக் குப்பைக்குப் போனது. ஒரு கொக்குகூட வரவில்லை. "எல்லாத் தாளையும் எரிச்சிரு கமலா, என் கதை முடிஞ்சுது" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு எரிப்போம். நாளைக்கு என்ன மடிப்பீங்க?"

"யாளி" என்றார், வாய்க்கு வந்ததை.

மறுநாள் காலையில்தான் அந்த அதிசயம். தாள் கட்டின் மேலே இருந்த முதல் தாளை எடுத்து மூலையைத் தூக்கினார். அவர் விரல் போக நினைத்த பக்கமெல்லாம் தாள் முந்திக்கொண்டு போனது. குளத்துத் தண்ணீருக்குள் கையை விட்டு அளைவதுபோல இருந்தது. விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே அவருக்குப் புரியவில்லை. பிடரி எழுந்தது, தும்பிக்கை எழுந்தது. மத்தியானத்துக்குள் ஒரு யாளி மேஜைமேல் நின்று அவரைப் பார்த்தது.

தாள் கொண்டுவந்து தரும் பழைய மில் சிநேகிதர் பாரூக்கைப் போனில் கூப்பிட்டார். "என்ன பாரூக், தாள் என்னமா மடங்குது. புது ரகமா?"

"அதே மில்லு, அதே தாள்தாண்ணே. ஒங்க கைதான் திரும்பிருச்சு."

வேங்கடேசனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் யானையும் மயிலும் அப்படியே, கனவில் வருகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இனி பாக்கி கருடன்தான். அவரே யோசித்து உண்டாக்கியது. இறகு இறகாகப் பிரிந்து நிற்கும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அது வந்தது. அலமாரியின் மேல்தட்டில் தனியாக நின்றது.

"நாளைக்கு என்ன?" தூசி தட்டிக்கொண்டே கமலவல்லி கேட்டாள்.

"கருடன்."

துணி அப்படியே நின்றது. "கருடன் வேண்டாங்க. இன்னொரு மயிலே மடிங்களேன்."

"கருடன் வந்தாத்தான் நான் பொழச்சேன்னு அர்த்தம். வரலைன்னா இதோட விட்டுருதேன். ஒனக்கு நம்பிக்கை இல்ல, அதான?"

அவள் மேல்தட்டை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். "சரி, கருடனே மடிங்க. இப்ப சாப்பிட்டுட்டுச் செத்த நேரம் படுங்க."

படுத்தார், தூங்குவதற்காக அல்ல. இன்றைக்கு அவள் அலமாரியில் கைவைத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். கண்ணை மட்டும் மூடிக்கிடந்தார். விசிறிக் காற்றில் கண் செருகியது. கோபுரத்து உச்சியிலிருந்து காக்கி நிறத்தில் ஒரு கருடன் சத்தமில்லாமல் இறங்கி வந்தது. அது அவர் உள்ளங்கையில் உட்காரப் போன நேரம், அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தார். மேல்தட்டு காலி.

கோபம் தலைக்கேறியது. அதையுமா? பின்வாசலில் பழைய பேப்பர்காரன் நிற்பான் என்று அடுக்களைப் பக்கம் நடந்தார். அங்கே யாருமில்லை. கமலவல்லி மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஈரத்துணி, இஸ்திரிப் பெட்டி, அவருடைய புதுத் தாள் கட்டு. மடியில் கருடன். கண்ணைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு இறகாகக் கிழியாமல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அது வெறும் காக்கித் தாளாயிற்று. அவருடைய புரைக்கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தடம் மங்கும்வரை தேய்த்து, புதுத் தாள் கட்டின்மேல் முதல் தாளாக வைத்தாள்.

வேங்கடேசன் சத்தம் காட்டாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டார். இத்தனை நாளும் அவர் விரலைப் பிடித்து அழைத்துப்போனவை, கை நன்றாக இருந்த காலத்தில் அவரே போட்டுவைத்த மடிப்புகள்.