உம்மாவின் தஸ்பீஹ் மணி

“கராச்சுக்குத் திருத்தக் குடு மகன். ஸ்டியரிங்கோட விளையாடாத.”

“நானே பூட்டுவன் உம்மா,” என்று சஜீத் பிக்கப்பின் அடியில் புகுந்தான்.

முன்சில்லைத் திருப்பும் கம்பியின் முனை தேய்ந்திருந்தது. பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ, அத்தனை சுற்றில் புதியதைப் பூட்டினால்தான் சில்லு நேராக நிற்கும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே கழற்றினான்.

பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, தஸ்பீஹ் ஜெபமாலையின் மணியை உருட்டியபடி உம்மா ஏதோ ஓதி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ‘என் கையில் அவ்வளவுதானா நம்பிக்கை?’ சஜீதுக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து, மறுநாள் ஓட்டத்துக்காகப் புல்மோட்டை மீன் முதலாளியின் அழைப்பு. போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே திருகினான். முனை கையோடு வந்துவிட்டது. பதினாறா, பதினெட்டா?

“எண்ணிக்கை தப்பிட்டுது. இனிக் கராச்தான்,” என்று வெளியே வந்தான்.

“பத்தொன்பது,” என்றார் உம்மா. அவர் விரல் ஒரு மணியில் அசையாமல் நின்றது. “சுத்துக்கு ஒரு மணி உருட்டி, நபிமேல ஒரு ஸலவாத்துச் சொன்னனான். வாப்பாட லொறிக்கும் நான்தான் எண்ணினனான்.”

மறுநாள் பிக்கப் கிண்ணியாப் பாலத்தில் நூல் பிடித்தாற்போல் ஓடியது. பக்கத்தில் இருந்த முதலாளி கேட்டார்: “எந்தக் கராச்சில செய்த நீங்க?”

“எங்கட உம்மாட கராச்சில,” என்றான் சஜீத்.