கழித்த சத்தம்

பந்தயத்தை ஆரம்பித்தது கணவனா மனைவியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவன் குறட்டை விடுவது நிரூபணமானால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் பேச்சு.

ஒலிகளைப் பிரித்து ஆராய்வது அவன் உத்தியோகம். ராத்திரி முழுக்க அறையின் சத்தத்தைப் பதிவுசெய்து, சீரான ஃபேன் இரைச்சலைக் கழித்து, மிச்சத்தை ஃபைலில் சேமிக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டுப் படுத்தான்.

காலையில் இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். அவளுடைய இருமல், எங்கோ ஒரு நாய், அப்புறம் நிசப்தம்.

“கேட்டியா? இனிமே வாயைத் திறந்தே, இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.”

“எதையோ கழிச்சதா சொன்னீங்களே?”

“ஃபேன் சத்தம்மா. அதுவும் தனி ஃபைல்ல இருக்கு. எங்க வேலைல எதையும் தூக்கிப் போட மாட்டோம்.”

“அதையும் போடுங்களேன்.”

போட்டான். கர்ர்ரென்று சீராக ஏறி இறங்கியது.

“எண்ணெய் விடணும்போல,” என்றான்.

அவள் தலையை உயர்த்தி ஃபேனைப் பார்த்தாள்.

“நீங்க கண்ணை மூடினதுமே ஃபேனை நிறுத்திட்டேங்க. உங்க ஆராய்ச்சிக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதேன்னு.”

அவன் இப்போது கூடத்தில் படுக்கிறான். அவள் அறையில் நிம்மதியாகத் தூங்குகிறாள். ஃபேனுக்கு இதுவரை யாரும் எண்ணெய் விடவில்லை; அது சத்தமில்லாமல் ஓடுகிறது.