நாலு தாய்மாமன்

வழிகாட்டி கிடையாது, துணை கிடையாது. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவிலிருந்து ஒற்றை ஆளாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு குவாஹிரா பாலைவனத்தின் கடைசி முனைக்கே வந்துவிட்டான் ஆல்வாரோ. வந்த சூட்டோடு கசில்தாவின் விடுதிக் கூரைக்கடியில் தூளியில் சாய்ந்து, பொரித்த மீனை ஒரு கை பார்த்தான்.

"இங்க வர்றதா வீட்டுல சொன்னீங்களா?" என்றாள் கசில்தா.

"யாருக்கும் தெரியாதுக்கா. ஒரு தூக்கம் போட்டுட்டு, சேத்துவெளிய குறுக்கால வெட்டி மணல்மேட்டுக்குப் போயிடுவேன்."

கசில்தா சேற்றுவெளிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போன வறட்சியில் பாதி மந்தை போய்விட்டது. மிச்ச ஆடுகளைப் பரிசமாக வைத்துத்தான் மகனுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டும். அவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்றைக்கு இவனைக் கைநழுவ விடக் கூடாது.

"தேடி வர்ற மாதிரி தாய்வழிச் சொந்தம் யாராச்சும்?"

பக்கத்தில் அவள் தம்பி தெல்மோ மீன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஆல்வாரோ அந்தக் கத்தியைப் பார்த்தான்.

"இல்லாம? தாய்மாமனுங்க நாலு பேரு. நாலும் முரடு. என் மேல கீறல் விழுந்தா பட்டாளமா வந்து நிப்பாங்க."

கசில்தாவின் முகம் செத்துப்போனது. தம்பியை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"ஆளை விட்டுடாதடா. மாமனுங்க நாலு பேராம்."

"நாலா? அப்ப சாவிய எடுத்தா மட்டும் பத்தாதுக்கா. கயித்தப் போட்டுடலாமா?"

"முதல்ல அவன் கண் அசரட்டும்."

ஆல்வாரோ விழித்ததும் சட்டைப் பையைத் தடவினான். சாவியைக் காணோம். எதிரே அக்காவும் தம்பியும். தம்பி கையில் கயிறு. ஆல்வாரோ பர்ஸ், போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கசில்தாவின் காலடியில் வைத்தான்.

"எடுத்துக்குங்க. உயிர மட்டும் விட்டுடுங்க."

கசில்தா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த உயிரைக் காப்பாத்தத்தான்யா இத்தனை பாடு. கடல் ஏறுற நேரம். சேத்துல ஜீப்போட முங்கிட்டீங்கன்னா, எங்க மண்ணுல செத்ததுக்கு எங்க வழக்கப்படி நாங்கதான் பொறுப்பு; ஈடு கேக்குற உரிமை தாய்வழிச் சொந்தத்துக்குத்தான். உங்க மாமனுங்க நாலு பேரும் ஆள் வச்சுப் பேசி, ஈடா என் மந்தையவே ஓட்டிட்டுப் போயிடுவாங்க. காலையில தெல்மோ வழி காட்டுவான். அதுவரைக்கும் பேசாம படுங்க."

ஆல்வாரோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா. கத்தியப் பாத்து பயந்துபோய் சும்மா அள்ளி விட்டேன். எங்கம்மா வீட்டுக்கு ஒரே புள்ள, அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. எனக்கு மாமனும் இல்ல, மச்சானும் இல்ல."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெல்மோ கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.

"அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டிய கசில்தா, சாவியை எடுத்து அவன் கையில் வைத்துச் சொன்னாள்: "அப்ப தாராளமா போயிட்டு வாங்க தம்பி, சேறு அந்தப் பக்கம்."