பெடலை மிதித்தவர்

1984 ஆவணியில் மூத்தவனுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். அன்று காலைதான் விழுப்புரம் ஆசாரி தாலியைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு நானும் என் மனைவி கிருஷ்ணவேணியும் எங்கள் பழைய காரில் கிளம்பினோம். "அந்த டப்பாவ நம்பாதீங்க மாமா, பஸ்ல வாங்க" என்று மச்சான் முந்தின நாளே கேலி பண்ணியிருந்தான்.

விக்கிரவாண்டி தாண்டியதும் கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஆயில் குழாயில் காற்று புகுந்திருந்தது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் அடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். புது ஆயில் ஊற்றிவிட்டு, ஸ்பேனரோடு வண்டிக்கடியில் நுழைந்தேன்.

"மிதி!" என்றேன். பெடல் இறங்கியது. "விடு!" என்றேன். ஏறியது. நுரைத்துக்கொண்டு வந்த ஆயில் கடைசியில் தெளிந்தது.

வெளியே வந்தால், கிருஷ்ணவேணி பம்புசெட்டிலிருந்து செம்போடு வந்துகொண்டிருந்தாள். "இன்னாங்க, கை கழுவத் தண்ணி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள யார்கிட்ட கத்திக்கினு இருந்தீங்க?"

முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வண்டியை எடுத்தேன். கியர் மாற்ற நான் காலைத் தூக்குமுன்பே பெடல் தானாக இறங்கியது. அவளும் பார்த்தாள். இடது காலை மடக்கி வைத்துக்கொண்டேன். திண்டிவனம்வரை ஒரு கியர்கூடக் கரகரக்கவில்லை.

மண்டப வாசலில் மச்சான் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நீளமாக ஹாரன் அடித்து, தாலியைத் தூக்கிக் காட்டினேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்ஜினை அணைத்தேன். பெடல் மட்டும் அழுந்தியே இருந்தது. கிருஷ்ணவேணி குனிந்து அதைப் பார்த்தாள்.

"நீங்களும் உள்ள வாங்க. சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றாள்.

பெடல் மெல்ல மேலே எழும்பியது.