குளக்கரைக் கேள்விகள்

நீச்சல்குளத்தின் கரையில் போட்டிருந்த நாற்காலிகளில் பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெஞ்சின் நுனியில் ஓர் இளைஞனும் அவன் மனைவியும். இந்த இடமும் கைநழுவிவிடக் கூடாதே என்று அவனுக்கு வியர்த்தது.

"தண்ணி பச்சையாச்சுன்னா?" என்றார் பெரியவர்.

"சோதிச்சுப் பார்த்துட்டுதான் குளோரின் போடுவேன், ஐயா."

"வடிகட்டி?"

"வாரம் தவறாம கழுவிடுவேன்."

"இலை?"

"தினமும் வலையால அள்ளிடுவோம்," என்று இளைஞனின் மனைவி முந்திக்கொண்டாள்.

"நேத்து வந்தவன், அதுக்கெல்லாம் ஆள் வெச்சுக்கலாம்னான். வாசலைக் காட்டிட்டேன்."

இளைஞன் குளத்தோரம் மிதந்த ஓர் இலையைக் குனிந்து எடுத்தான்.

பெரியவர் மெல்லத் தலையாட்டினார். "சரி, வீட்டை உங்களுக்கே விக்கிறேன்."

"அட, இவங்க இன்னும் வீட்டுக்குள்ளயே காலெடுத்து வைக்கலைங்க!" என்றாள் அவர் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. தரகருக்குச் சம்மதக் கடிதம் எழுதி, உறையை ஒட்டி, அப்போதே தபாலில் சேர்த்தார்.