இன்னும் ஒரு படம்

விடியற்காலை மணி மூன்று பத்து. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்ற காலி பஸ் ஒன்றைப் படம் எடுத்து வளவனுக்கு அனுப்பினேன்.

இன்னும் ஒரு படம் வேண்டும் என்று பதில் வந்தது.

வளவன் என் தம்பி. குவைத் ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறான். திருச்சி விமானத்தில் ஏற இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதுவரை அவனுக்குத் தெரியக்கூடாது.

அப்பா நேற்றுச் சாயங்காலமே போய்விட்டார். ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் கிடக்கிறார். இவன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சாவைப் போனில் சொல்வதில்லை. சீரியஸாக இருக்கிறார், உடனே கிளம்பி வா என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நானும் அதையேதான் சொன்னேன். எப்படித்தான் குரல் உடையாமல் சொன்னேனோ.

போன வருஷம் குடவாசல்காரர் ஒருவரிடம் மைத்துனன் அவசரப்பட்டு உண்மையைச் சொல்லித் தொலைத்தான். மனிதர் ஏர்போர்ட்டிலேயே மயங்கி விழுந்தார். விமானம் போய்விட்டது. அவருடைய அம்மாவை அவர் இல்லாமலேயே எரித்தார்கள்.

வளவன் முதலில் அப்பாவைத்தான் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். ஐ.சி.யு.வுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று புளுகினேன். சரி, தூக்கம் வரவில்லை, ஊரையாவது எடுத்து அனுப்பு என்றான்.

ஊரையா? இந்த நேரத்திலா? வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் பந்தலுக்குச் சொல்ல பாபநாசம் போயிருந்தார். மார்ச்சுவரி வாசல் பெஞ்சில் அதுவரை நான் மட்டும்தான்.

ஷட்டர் போட்ட கடைகளை எடுத்தேன். பெரிய கோயில் கோபுரத்தை எடுத்தேன். விளக்கை அணைத்திருந்தார்கள், கறுப்பாக ஏதோ விழுந்தது. நடுரோட்டில் படுத்திருந்த நாயையும் விடவில்லை.

பூச்சந்தையில் மல்லிகை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடையில் ஆளுயர ரோஜா மாலைகள் தொங்கின. அவை படத்தில் வந்துவிடாதபடி தள்ளி நின்று எடுத்தேன்.

ஒவ்வொன்றுக்கும் அதே பதில். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று.

கால் கடுத்தது. அங்கே அப்பா கிடக்கிறார், துரைக்கு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவம், அவனுக்கு என்ன தெரியும் என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் புது ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரை எடுத்தேன். இருட்டில் எல்லாம் மங்கலாக விழுந்தது. போதும் போ என்று அதையே அனுப்பிவிட்டேன்.

இந்த முறை அவன் குரல் வந்தது. பின்னால் பெல்ட் போடச் சொல்லி ஒரு பெண் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறி உக்காந்துட்டேன்க்கா. நீ சீரியஸ்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். மார்ச்சுவரி வாசல்ல ஒத்தையா உக்காந்திருப்பியேன்னுதான் உன்னை நடக்க விட்டேன். இனிமே படம் வேணாம். அழுதுடு."

உடனே கூப்பிட்டேன். போனை அணைத்துவிட்டிருந்தான்.

திருச்சி வந்து இறங்க ஐந்து மணி நேரம் ஆகும். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, தெரியவில்லை.